கடலுக்கு அளவு கேட்ட படிவம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தபோது நஸ்ரின் போனில் கூப்பிட்டாள். கடலூரில் ஒரு கல்வி அறக்கட்டளையின் உதவித்தொகைப் பிரிவில் நான் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். லால்பேட்டைப் பெண். கெட்டிக்காரி.

"ரோசிக்கா, பழைய ஃபைலையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லிட்டாங்க. ஒரு ஃபைல்ல மாட்டிக்கிட்டேன்."

"என்னா ஃபைலு?"

"வகுப்பறையின் அளவுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல 'அளக்க இயலவில்லை'ன்னு எழுதி நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க. கம்ப்யூட்டர் நம்பர் மட்டுந்தான் எடுக்குது. சைபர் போட்டுடவா?"

"சைபர் போடாத. தப்பு."

"அப்ப ஜாஸ்தியா ஏதாவது போடட்டா?"

"எவ்வளவு போட்டாலும் பத்தாது நஸ்ரினு. அது கடலு."

"அக்கா, சாப்ட்டீங்களா?" என்று மிகவும் மெதுவாகக் கேட்டாள். எனக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள் போலிருக்கிறது. அவளுடைய சந்தேகத்தைத் தீர்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தட்டச்சு மேல்நிலை முடித்துவிட்டு இருபத்து மூன்று வயதில் அந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் தாள்களுக்கு எண் போடுவதும் நாடா கோப்பதும்தான் வேலை. அதன்பின் விண்ணப்பங்களைச் சரிபார்க்க விட்டார்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயர், மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், தலைமையாசிரியர் கடிதத்தில் இன்னொரு பெயர் இருக்கும். மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று நிரூபிப்பது எங்கள் தொழில். அதில் நான் வெகு சீக்கிரம் கெட்டிக்காரி ஆனேன். ஆனது மட்டுமில்லை, கொஞ்சம் கர்வமும் வந்தது. அந்தக் கர்வத்தில்தான் ஒரு வருஷம் ஒரே முகவரி, ஒரே பிறந்த தேதி, ஒரே மாதிரிப் படம் ஒட்டிய இரண்டு விண்ணப்பங்களில் ஒன்றின் மேல் சிவப்பு மையில் 'நகல்' என்று எழுதி ஒதுக்கிவைத்தேன். ஒரு வாரம் கழித்து அந்த நகல், அதன் அசல், அவர்களைப் பெற்ற அம்மா மூன்று பேரும் என் மேசை முன்னால் வந்து நின்றார்கள். இரட்டையர்.

"இதுல எது நகலும்மா?" என்று அந்த அம்மா கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்பினார்.

அன்று எங்கள் செயலாளர் என்னைக் கூப்பிட்டு ஐந்தே வார்த்தை சொன்னார். "இனிமே நேர்ல பாக்காம எழுதாதீங்க, என்னா." அந்த 'என்னா'வில்தான் தண்டனை முழுவதும் இருந்தது.

செயலாளர் வைத்தியலிங்கம் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் அதிகம் பேச மாட்டார். கோப்பில் அவர் எழுதும் குறிப்பு மூன்றே வகைதான். 'ஆகட்டும்' என்றால் முடிந்தது. 'பார்த்தேன்' என்றால் பார்த்தார், அவ்வளவுதான், இனி அது உங்கள் பாடு. 'பேசவும்' என்று எழுதிவிட்டால் நாம் கோப்பை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய்ப் பேச வேண்டும். போனால் அவர் பேச மாட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். வலது கண், இடது கண் என்று தனித்தனியாக மாட்டுவது போல மாட்டுவார். மின்விசிறியைப் பார்ப்பார். நாம் சொல்ல வந்ததையெல்லாம் சொல்லி, சொல்ல வராததையும் சொல்லி முடித்த பிறகு ஒரு கேள்வி கேட்பார். "சாப்டாச்சா?" என்று கேட்டால் அந்த விண்ணப்பம் செத்தது. "எந்த ஊரு?" என்று கேட்டால் உயிர் இருக்கிறது. இந்த இரண்டு கேள்விக்கும் உள்ள வித்தியாசம் புரிய எனக்கு நாலு வருஷம் ஆயிற்று.

இனி அந்தக் கோப்புக்கு வருகிறேன்.

எங்கள் அறக்கட்டளை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, தேறியவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை உதவித்தொகை தரும். பள்ளிக் கட்டணத்துக்கும், திறன் வளர்க்கும் கூடுதல் வகுப்புகளுக்கும் அதைப் பயன்படுத்தலாம். வகுப்பு நடத்துகிறவரிடம் நேரடியாகவே தொகை போய்விடும். அதற்கு முன் நாங்கள் அந்த வகுப்பைப் பார்த்து எழுத வேண்டும். ஒவ்வொரு வருஷமும் பிள்ளை புதுப்பித்தல் படிவம் அனுப்ப வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் இருக்கும்போது கீரப்பாளையத்திலிருந்து யாழினி என்ற பதின்மூன்று வயதுப் பெண்ணின் படிவம் வந்தது. முந்தைய வருஷம் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண். படிவத்தில் பள்ளியின் பெயர் என்ற இடத்தில் 'எங்கள் வீடு' என்று இருந்தது. தலைமையாசிரியர் என்ற இடத்தில் 'அம்மா'. வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் என்ற இடத்தில், 'படுக்கும் இடத்திலிருந்து பன்னிரண்டு அடி'. பயணிக்கும் வாகனம் என்ற இடத்தில் ஒரு கோடு. கிண்டல் போலத் தெரியவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தது. கீழே, பள்ளிக் கட்டணம் இல்லாததால் முழுத் தொகையையும் இரண்டு வகுப்புகளுக்குத் தரும்படி கேட்டிருந்தது. சிதம்பரத்தில் வேதியியல் செய்முறை. தேவனாம்பட்டினத்தில் நீச்சல்.

வைத்தியலிங்கம் சார் 'பேசவும்' என்று எழுதினார். போய்ப் பேசினேன். மின்விசிறியை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். பிறகு, "எந்த ஊரு?" என்றார்.

"கீரப்பாளையம் சார்."

"போய்ப் பாத்துட்டு வாங்க."

எங்களிடம் இருந்தது பள்ளிகளுக்கான ஆய்வுப் படிவம் ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டு போனேன். வயலை ஒட்டிய ஓட்டு வீடு. அப்பா முருகானந்தம் கதிரறுக்கும் வண்டி ரிப்பேர் பார்ப்பவர். வாசலில் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்ததால் அவருடைய கால்களுக்குத்தான் வணக்கம் சொன்னேன். அம்மா கலைவாணி முன்பு ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை.

"மேடம், கேக்குறத கேளுங்க, நான் ஒளிக்காம சொல்றேன்" என்று எதிரில் உட்கார்ந்தார்.

"கரும்பலகை எத்தனை?"

"ஒண்ணு. கதவுக்குப் பின்னாடி."

"ஆண்களுக்குத் தனிக் கழிப்பறை, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை?"

"ஒண்ணுதான் மேடம். யாரு உள்ள இருக்காங்களோ அவுங்களுக்கு."

"சுற்றுச்சுவர்?"

"வேலி. ஆடு மட்டும் வரும்."

"தலைமையாசிரியர் வேற எங்கயாவது வேலை பாக்குறாங்களா?"

"அடுப்படியில."

எழுதிக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்காததால் நானும் அடக்கிக்கொண்டேன். பள்ளியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். அது படிவத்தில் இல்லாத கேள்வி.

"வேன் ஆறரைக்கு வந்துடும் மேடம். ஸ்பெஷல் கிளாஸ் முடிச்சு ஏழரைக்குக் கொண்டாந்து விடும். சாப்புடும்போதே தூங்கிடுவா. ஒரு நாளு அவுங்க அப்பா பேரச் சொல்லிக் கூப்புட்டாரு. தூக்கத்துலயே எழுந்து நின்னு, 'ப்ரெசண்ட் சார்'னா. அவரு அப்படியே ஒக்காந்துட்டாரு. மறுநாளே நிறுத்திட்டோம்."

வண்டிக்கு அடியிலிருந்து, "நான் சாரா மேடம்? அப்பன்தான?" என்று ஒரு குரல் கேட்டது.

யாழினி வாய்க்காலிலிருந்து வந்தாள். கையில் ஒரு நோட்டு. அதில் வயல் நண்டுகளை வரைந்து, எந்த வளை எந்தத் திசையில் இருக்கிறது, மழைக்கு முன் என்ன செய்கிறது என்று நாலு நோட்டு நிரப்பி வைத்திருந்தாள். திறந்தநிலைப் பள்ளித் தேர்வைத் தனியாக எழுதுவாளாம். பிற்பாடு கடல் உயிர்களைப் பற்றிப் படிக்க வேண்டுமாம்.

"அதுக்கு நீச்சல் எதுக்கும்மா?"

"நண்டு கரைக்கே வந்துடாதுல்ல மேடம்" என்றாள்.

அந்தப் பதிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் விளிம்பில் எழுதிக்கொண்டேன்.

சிதம்பரத்தில் செய்முறை வகுப்பு, கீழவீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நடந்தது. கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் நடத்தினார். உள்ளே போனதும் எனக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, கேள்வி கேட்பதற்கு முன் கையைக் கழுவச் சொன்னார். ஆய்வுக்கு வந்தவள் நான் என்றேன். "அமிலத்துக்கு அது தெரியாதும்மா" என்றார். அவர் அறைக்கு அளவு இருந்தது, கதவு இருந்தது, தகுதிச் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கால் மணி நேரத்தில் எழுதி முடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை தேவனாம்பட்டினம். ஆறு கடலில் சேரும் இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் வேலு என்ற மீனவர் ஐந்தாறு பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத் தந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். யாழினி அவரை வேலு மாமா என்றாள். நான் படிவத்தை நீட்டி வகுப்பறையின் அளவைக் கேட்டதும் அவர் திரும்பித் தண்ணீரைப் பார்த்தார்.

"எது வரிக்கும் மேடம்?"

"நீங்க எது வரைக்கும் சொல்லித் தர்றீங்களோ அது வரைக்கும்."

"அது புள்ளைய பொறுத்தது."

செயலாளரின் கட்டளை நினைவுக்கு வந்தது. நேரில் பார்க்காமல் எழுதக் கூடாது. கொஞ்சம் தேறிய பிள்ளைகளை அலைக்கு அப்பால் படகில் அழைத்துப்போய் இறக்குவார் என்றார்கள். அதையும் பார்த்துவிடுவது என்று படகில் ஏறினேன். கடலூரில் பிறந்து ஐம்பத்தாறு வருஷம் வாழ்ந்தவள், அன்றுதான் முதல் முறையாகக் கடலுக்குள் போனேன். முதல் அலை வரை அதிகாரியாக இருந்தேன். இரண்டாவது அலையில் படிவம் நனைந்தது. மூன்றாவதில் காலையில் சாப்பிட்ட இட்லி அத்தனையும் கடலுக்குப் போயிற்று. யாழினி என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "தூரமா ஒரே எடத்த பாருங்க மேடம், சரியாப் போயிடும்" என்றாள். அந்த நிலையில்தான் 'அளக்க இயலவில்லை' என்று எழுதினேன். அதைவிட உண்மையான வாக்கியத்தை என் உத்தியோகத்தில் நான் எழுதியதில்லை.

கரைக்கு வந்ததும் ஆசிரியரின் தகுதி என்ற கட்டம் மிச்சமிருந்தது. வேலுவுக்கு எழுத வராது. அவர் தலையைச் சொறிந்தபடி யோசித்துக்கொண்டிருக்க, யாழினி பேனாவை வாங்கி எழுதிவிட்டாள். 'சுனாமி அன்று ஒன்பது பேரைத் தண்ணீரிலிருந்து இழுத்துக் காப்பாற்றியவர்.'

கோப்பு போயிற்று. வைத்தியலிங்கம் சார் அந்த வரியின் அடியில் ஸ்கேலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். 'ஆகட்டும்' என்று எழுதினார்.

ஒன்றரை வருஷம் நன்றாகப் போயிற்று. நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது புதிதாக ஒரு அறங்காவலர் வந்தார். ராஜமாணிக்கம் சார், பாலங்கள் கட்டி ஓய்வு பெற்ற பொறியாளர். பழைய கோப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு நாள் என் மேசைக்கு மெமோ வந்தது. கடலை வகுப்பறை எனக் காட்டியது ஏன் என்பதற்கு ஏழு நாளுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும். அளக்க இயலவில்லை எனில், அளக்க முயன்றதற்கான சான்று வேண்டும். ஆசிரியரின் தகுதிக்கும் சான்று வேண்டும். அதுவரை அந்த மாணவிக்கான உதவித்தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது.

முப்பத்தைந்து வருஷத்தில் எனக்கு வந்த முதல் மெமோ. வீட்டில் காட்டினேன். என் கணவர் அந்தோணிசாமி இரண்டு தடவை படித்துவிட்டு, "ஏதாவது ஒரு அளவ போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல. யாரு போயி அளக்கப் போறா?" என்றார். ஓய்வு பெறும் நேரத்தில் மெமோ தீராமல் இருந்தால் என்னுடைய காகிதங்கள் எதுவும் நகராது. அதைவிட, கலைவாணி போனில் சொன்னதுதான் குடைந்தது.

"மேடம், லேப் சாரு, நீ பாட்டுக்கு வாம்மான்னுதான் சொல்றாரு. இவதான் போ மாட்டேங்குறா. ரோசி மேடத்த என்னால கேள்வி கேக்குறாங்க, அது முடியாம நான் எங்கியும் போவலன்னு ஒக்காந்திருக்கா. அஞ்சு நாளா நோட்ட தொடல."

விளக்கம் எழுதினேன். அளக்க முயன்றேன், அலை வந்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். ராஜமாணிக்கம் சார் கூப்பிட்டார். கோபக்காரர் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. "தப்பா நெனைக்காதீங்க. அளவு இல்லாத ஒண்ணுக்கு நான் எப்பவும் கையெழுத்து போட்டதில்ல. போயி அளந்துடலாம்" என்றார்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை தேவனாம்பட்டினத்தில் எல்லோரும் கூடினோம். பளபளவென்ற கறுப்பு ஷூவில் ராஜமாணிக்கம் சார், கையில் முப்பது மீட்டர் டேப். வேட்டியை மடித்துக் கட்டிய வைத்தியலிங்கம் சார். கலைவாணி, யாழினி, வேலு, நான். டேப்பின் ஒரு முனையை வைத்தியலிங்கம் சார் பிடிக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகள் நீந்தும் இடத்தில் வேலு நட்டிருந்த கழியிலிருந்து கரை வரை அளந்ததில் இருபத்திரண்டு மீட்டர். ராஜமாணிக்கம் சார் திருப்தியாக எழுதிக்கொண்டார். சரிபார்க்க அரை மணி கழித்து மறுபடி அதையே அளந்தபோது இருபத்தேழு ஆகியிருந்தது.

"எப்படி?" என்று டேப்பைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

"தண்ணி ஏறுது சார்" என்றார் வேலு. "மத்தியானமா வந்தீங்கன்னா இன்னும் நல்லா கெடைக்கும்."

இரண்டு அளவையும் எழுதி, நேரத்தையும் பக்கத்தில் குறித்துக்கொண்டார். நேர்மையான மனிதர். பிறகு தகுதிக்கு வந்தார்.

"ஒன்பது பேருன்னு எழுதியிருக்கு. இதுக்கு என்ன சான்று?"

வேலு சங்கடப்பட்டார். "அது அந்தப் பொண்ணு கேட்டு எழுதுச்சுங்க சார். எல்லாரும் ஒன்பதுன்னு சொல்லுவாங்க. நான் எண்ணுனது கையிலேர்ந்து வுட்ட ஆளுங்கள மட்டுந்தான்."

ராஜமாணிக்கம் சார் பேனாவை மூடினார். அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் நாங்கள் டேப் பிடித்ததை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ ஊருக்குள் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"வேலு மாமாவுக்கு சான்று கேக்குறாங்களாமே. நான் ஒண்ணு. எம்பேரு செல்வி."

"நீங்க..."

"அப்ப அஞ்சாவது படிச்சிட்டிருந்தேன். முடிய புடிச்சிதான் இழுத்துச்சு மாமா. இன்னி வரிக்கும் இந்த எடத்துல முடி சரியா மொளைக்கல. பாக்குறீங்களா சார்?"

தலையைக் குனிந்து காட்டினாள். ராஜமாணிக்கம் சார் படிக்கும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நிஜமாகவே குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு எழுதினார். அதற்குள் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் வந்தார். ஒரு வயதான அம்மா கைத்தடியோடு வந்தார். பிறகு இன்னொருத்தி, இடுப்பில் குழந்தையோடு. வரிசையாக நின்று எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்டார்கள்.

"இதையும் சேத்துக்கலாமா?" என்று குழந்தைக்காரி கேட்டாள். "நான் இல்லன்னா இது ஏது?"

செல்வி விரல் விட்டு எண்ணினாள். "நாங்க நாலு பேரு சார். ரெண்டு பேரு கடலுக்குப் போயிருக்காங்க, பதினோரு மணிக்கு வந்துடுவாங்க. ஒருத்தரு தவறிட்டாரு, சக்கரை வியாதி. ரெண்டு பேரு கல்யாணமாகிப் பரங்கிப்பேட்டையில இருக்காங்க. போன் போட்டு வரச் சொல்லவா?"

"வேணாம்மா" என்றார் ராஜமாணிக்கம் சார். "போதும். பாலத்துக்கே நான் இவ்வளவு சோதனை பண்ணதில்ல."

கோப்பைப் படகின் விளிம்பில் வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். அவருடைய ஷூவுக்குள் தண்ணீர் போயிருந்ததை அப்போதுதான் கவனித்து, கழற்றிக் கவிழ்த்தார். வேலு அதிலிருந்து விழுந்த சின்ன நண்டை எடுத்து யாழினியிடம் கொடுத்தார். வைத்தியலிங்கம் சார் மட்டும் டேப்பின் முனையை விடாமல் பிடித்தபடி இன்னும் தண்ணீரில்தான் நின்றுகொண்டிருந்தார். விடலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மெமோ தீர்ந்தது. குறித்த நாளில் ஓய்வு பெற்றேன். யாழினி பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதித் தேறினாள். இப்போது வேலுவின் வகுப்பில் புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் ஆரம்பப் பாடம் நடத்துகிறாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு, நாலு மாதத்துக்கு முன் என்ன தோன்றியதோ, சுடிதார் ஒன்று வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டேன். அந்தோணிசாமி கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிட்டபடி பார்ப்பார்.

ஆறு வாரம் ஆகியும் எனக்கு மிதக்க வரவில்லை. காலைத் தரையிலிருந்து எடுக்க மனசு வராது. ஏழாவது வாரம் யாழினி என் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்து மல்லாக்கப் படுக்க வைத்தாள்.

"மூச்ச இழுத்து வுடுங்க மேடம். ஒடம்ப வெறச்சிக்காதீங்க."

"புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன்."

கண்ணை மூடிக்கொண்டேன். காதுக்குள் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. அலை மெதுவாகத் தூக்கி இறக்கியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. சுகமாக இருந்தது. "புடிச்சிருக்கியாம்மா?" என்று மறுபடி கேட்டேன். பதில் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் அவள் பத்தடி தள்ளி, முழங்கால் தண்ணீரில் குனிந்து, ஏதோ ஒரு நண்டின் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். என்னை மறந்தே போய்விட்டாள்.

அதைப் பார்த்த அந்த நொடியே மூழ்கினேன். மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீரோடு தட்டுத் தடுமாறி எழுந்து நின்றால், அவள் திரும்பிப் பார்த்து நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டாள்.

"ஏன் மேடம் நின்னுட்டீங்க? நல்லாத்தான போயிட்டிருந்தீங்க?"